கல்வெட்டு அடிக்கக் கொடுக்கப் போகிறீர்களா? ஒரு அச்சக அனுபவம்

பெரியப்பா இறந்த 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது அவர் நினைவாகக் கொடுக்கும் புத்தகம், அடிக்க யாழ்ப்பாண நகரில் ஒரு அச்சகத்தில் கொடுத்தோம். பெயர் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன்.

வேகத்தில் குறையே இல்லை. 31ஆம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு முன் புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சபுராணம், சிவபுராணத்தின் 95 அடிகள் எல்லாம் பிழை திருத்தித் தயாராக வைத்திருக்கிறார்கள். இறந்த திதியைச் சொல்லும் பாட்டான திதி வெண்பாவுக்கும் அவர்களே ஆள் பிடித்துத் தந்தார்கள். வருடம், மாதம், பட்சம், திதி நான்கும் சரியாக உள்ளே வந்திருந்தன. வருடாவருடம் திவசத்துக்கு நாள் பார்க்க அதுதானே வேண்டும்.

சிக்கல் மனுசனைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில்தான். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று எல்லாம் ஆயத்தமாகக் கிடக்கிறது, பெயரை மாற்றினால் சரி. பெரியம்மா பெரியப்பாவுக்கு முன்பே போய்விட்டார், அச்சுக்கு முன் திருத்தத் தரும் புரூவில் பார்த்தால் அவர் புலம்பிக்கொண்டிருக்கிறார்! அதை எடுக்கச் சொல்லி, அந்தப் பக்கங்களில் பெரியப்பா கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்ததையும், வாசிகசாலைக்கு ஓடு போடக் காசு சேர்த்ததையும், கோயில் திருவிழா மேடைகளில் அரிச்சந்திரன் கதை நாடகமான மயான காண்டத்தில் சந்திரமதியாக வந்து அழவைத்ததையும், குரல் போனபிறகு ஆர்மோனியத்தோடு பக்கப்பாட்டுக்கு உட்கார்ந்ததையும் எழுதிக் கொடுத்தோம். "இவ்வளவு நீளமா?" என்று முதலாளி கேட்டார். நடுவில் கம்பிப் பின் அடிக்கிற புத்தகத்தில் பக்கம் நாலின் மடங்காக வரவேண்டும் என்பது நியாயம்தான், அதற்காக நன்றி நவிலலைச் சுருக்கலாமே தவிர ஆளையா சுருக்குவது?

இன்னொன்று எழுத்துரு. அங்கே இன்னும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருதான். நாங்கள் யூனிகோடில் அனுப்பியதை மாற்றியபோது தமிழ் தப்பிவிட்டது, ஆனால் லண்டன் பேரன் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு முழுக்க வாயில் நுழையாத தமிழ் எழுத்துக்களாகி நின்றது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பக்கத்தைப் புரூவில் கட்டாயம் பாருங்கள்.

கணினியில் இருந்த தம்பிக்கு முழுப் புள்ளி. 1995 போர் இடப்பெயர்வில் வீட்டிலிருந்த பழைய படங்கள் எல்லாம் போய், சொந்தக்காரர் ஒருவரிடம் மிஞ்சியிருந்த மேடைப் படம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் நனைந்து ஒட்டிப்போனது. பொறுமையாகத் துப்புரவாக்கி, சேலைக்கரை வரை தெரியவைத்தார். அட்டைப் படத்துக்குக் கோட் போட்டுவிடவா என்றும் கேட்டார், வேண்டாம், வேட்டியோடேயே இருக்கட்டும் என்று அக்கா மறித்துவிட்டார்.

உள்ளே வண்ணப் பக்கம் கூடினால் விலை சட்டென்று ஏறும், அட்டையும் நடுப்பக்கமும் வண்ணத்தில் போதும். அச்சுக்குப் போன கடைசிக் கோப்பை பிடிஎப் ஆகக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். இப்படியான நினைவு மலர்களை 'நூலகம்' என்ற ஈழத்து மின்னூலக இணையத்தளத்தில் சேர்த்து வைக்கிறார்கள், நாங்களும் அங்கே ஒன்றைக் கொடுக்கிறோம்.