குளூட்டன் இல்லாமல் ஒன்பது வருடங்கள்: சீலியாக் நோயோடு என் அனுபவம்

வயிறு என்னை ஒரு நாளும் பெரிதாகத் தொந்தரவு செய்ததில்லை. நோய் என்னவென்று தெரிய நான்கு வருடம் ஆனதற்கு அதுதான் காரணம். எனக்கு இருந்தது ரத்தசோகை. ஹீமோகுளோபின் 8-ஐச் சுற்றியே நின்றது. இரும்புச்சத்து மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே எண். மாத்திரையை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கொத்துக்கொத்தாக முடி கொட்டியது, வாயில் புண் ஆறுவதும் வருவதுமாக இருந்தது. கடைசியாகப் பார்த்த மருத்துவர்தான், "மாத்திரை சரியாத்தான் இருக்கு. அதை உறிஞ்ச வேண்டிய குடல் சரியா இருக்கான்னு பார்ப்போம்" என்றார்.

சீலியாக் நோய் இருந்தால் ரத்தத்தில் கூடும் எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி-ஐஜிஏ என்ற பரிசோதனையை எழுதிக்கொடுத்தார். அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொன்னார். ஐஜிஏ என்பது உடலில் இருக்கும் எதிர்ப்பொருள்களில் ஒரு வகை. ஐஜிஏவே குறைவாக இருப்பவர்களுக்கு நோய் இருந்தும் முதல் பரிசோதனை இல்லை என்று காட்டிவிடும். எனக்கு டிடிஜி அளவு வரம்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வந்தது. அடுத்து எண்டோஸ்கோபி, சிறுகுடலின் முதல் பகுதியிலிருந்து பயாப்ஸி. உணவின் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் ஏறக்குறைய முழுவதும் தட்டையாகிவிட்டிருந்தன. உணவில் உள்ள இரும்பு முக்கியமாக உறிஞ்சப்படுவதும் அந்த முதல் பகுதியில்தான். நான்கு வருடமாக விழுங்கிய மாத்திரைகள் ஏன் பலிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

தங்களுக்கும் சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோயைத் தூண்டும் குளூட்டன் கோதுமையில் இருக்கிறது என்றாலும், பரிசோதனைகள் முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும், பரிசோதனை பொய்யாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் தானாகவே நிறுத்தி ஒரு வருடம் நிம்மதியாக இருந்தார். பிறகு உறுதிப்படுத்திக்கொள்வதற்காகத் திரும்பவும் வாரக்கணக்கில் தினமும் கோதுமை சாப்பிட வேண்டியதாயிற்று. அந்த வாரங்களில் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். மாவைப் பிசைந்து இழுத்தால் அறுந்து போகாமல் வருகிறதே, அந்த இழுவை அதனால்தான். சீலியாக் நோய் ஒவ்வாமை இல்லை. தன்னுடல் தாக்குநோய். குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. உலகத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் பலருக்கு இருப்பதே தெரியாது. குணப்படுத்தும் மருந்து கிடையாது. உணவுதான் சிகிச்சை. இதைக் கவனித்து நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் அந்த நாட்டில் ரொட்டியே கிடைக்காதபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நலிந்ததும் கோதுமை மேல் அவருக்கு இருந்த சந்தேகத்தை வலுப்படுத்தின. 1950-ல் ஆய்வேடாகவே எழுதினார். ஊரே பட்டினி கிடந்த காலத்தில் சில குழந்தைகள் மட்டும் உடம்பு தேறின என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கும்.

இனி என் கதை. முதல் ஆறு மாதம் எல்லோரும் நினைப்பதைவிடச் சுலபமாகவே போனது. பயம் இருந்ததால் ஒழுங்கு தானாக வந்தது. அரிசி, மக்காச்சோளம், சிறுதானியங்கள், பருப்பு, கிழங்கு, காய், பழம், முட்டை, மீன், இறைச்சி, இவற்றில் எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. வீட்டில் சமைத்ததை மட்டும் சாப்பிட்டேன். பால் குடித்தால் வயிறு உப்பியது. சிதைந்த குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடும், குடல் ஆறினால் சரியாகும் என்று மருத்துவர் சொன்னார். அப்படியே ஆயிற்று, எட்டாவது மாதத்திலிருந்து பால் ஒத்துக்கொண்டது. அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ஹீமோகுளோபின் இந்த முறை 11.6. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பெயர்கள்தான் முதலில் குழப்பின. பார்லிக்குத் தமிழில் வாற்கோதுமை என்று பெயர் இருப்பதால் அதை நினைவில் வைப்பது எளிது. ரை அப்படி இல்லை. சில மொழிபெயர்ப்புகளில் அது 'கம்பு' என்று வந்துவிடுகிறது. கம்பு வேறு தானியம், அதில் குளூட்டன் கிடையாது. இந்த ஒரு சொல்லால் நான் மாதக்கணக்கில் கம்பைத் தொடாமல் இருந்தேன். பக்வீட் என்பதில் 'வீட்' இருந்தாலும் அது கோதுமை இனமே இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம். மறுபக்கம் மைதா, ரவை, கூஸ்கூஸ், ஸ்பெல்ட், ட்ரிட்டிகேல் எல்லாம் வேறு வேறு பெயரில் வரும் கோதுமையும் அதன் உறவுகளும்தான். 'கோதுமை இல்லை' என்று அட்டையில் போட்டிருந்தால் 'குளூட்டன் இல்லை' என்று அர்த்தமாகிவிடாது. உள்ளே பார்லி இருக்கலாம். ஓட்ஸ் தனிக்கதை. தூய ஓட்ஸ் பெரும்பாலான சீலியாக் நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சாதாரண ஓட்ஸில் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும். நான் முதல் வருடம் தொடவே இல்லை. பிறகு குளூட்டன் ஃப்ரீ என்று உறுதி செய்யப்பட்ட ஓட்ஸை மட்டும், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சமாகத் தொடங்கினேன்.

ஒன்றரை வருடத்தில் டிடிஜி அளவு சாதாரண நிலைக்கு வந்தது. உடம்பில் தெம்பு வந்துவிட்டது. ஆபத்தும் அங்கேதான் தொடங்கியது.

மூன்றாவது வருடப் பரிசோதனையில் அளவு மறுபடி ஏறியிருந்தது. எனக்கு வலியோ, வயிற்றுப்போக்கோ, ஒரு சிறு களைப்போகூட இல்லை. ஆய்வகம் தவறு செய்துவிட்டது என்றே நினைத்தேன். திரும்பக் கொடுத்தேன், அதே முடிவு. உணவியல் நிபுணர் ஒரு நோட்டைக் கொடுத்து, "பத்து நாளைக்கு வாய்க்குள்ள போற எல்லாத்தையும் எழுதுங்க. தட்டுல என்ன வந்ததுன்னு மட்டும் பத்தாது, எந்தப் பாத்திரத்துல இருந்து வந்ததுன்னும் எழுதுங்க" என்றார்.

பாத்திரத்தை எழுதச் சொன்னதுதான் காப்பாற்றியது. நான்காம் நாள் காலையில் என் குளூட்டன் ஃப்ரீ ரொட்டிக்கு வெண்ணெய் எடுக்க டப்பாவைத் திறந்து, எழுதுவதற்காகவே அதைச் சன்னல் பக்கம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் வெண்ணெயின் மேல் பழுப்பு நிறப் பொடிகள் தெரிந்தன. கணவரும் மகனும் தங்கள் ரொட்டியில் தடவிய கத்தியையே மறுபடி டப்பாவுக்குள் விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நான்கைந்து துணுக்குகள். எண்ணிப் பார்த்தேன், ஒரு விரற்கடை இடத்தில் பதினொன்று. இத்தனை நாள் தினமும் காலையில் அதைத்தான் என் ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தேன்.

பொடிதானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஒரு சாதாரண ரொட்டித் துண்டில் சுமார் 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். தினமும் 50 மில்லிகிராம் தொடர்ந்து உள்ளே போனாலே மூன்று மாதத்தில் குடலுறிஞ்சிகள் சிதைவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஒரு துண்டை நாற்பதாகப் பிய்த்தால் அதில் ஒரு பங்கு. பெரும்பாலானவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரிய பாதிப்பு வராது என்று கருதுகிறார்கள். பல நாடுகளில் குளூட்டன் ஃப்ரீ என்று போட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று விதி வைத்திருப்பதன் பொருளும் இதில் விளங்கும். அந்த உச்ச அளவிலேயே இருந்தாலும் அரைக் கிலோ சாப்பிட்டால்தான் 10 மில்லிகிராம் ஆகும்.

நோட்டில் இன்னொன்றும் அகப்பட்டது. கார்ன் ஃப்ளேக்ஸ். மக்காச்சோளத்தில் செய்ததுதானே என்று அட்டையையே படிக்காமல் வாங்கிவந்தேன். சுவைக்காக பார்லி மால்ட் சாறு சேர்த்திருந்தார்கள். அன்றிலிருந்து மால்ட் என்ற சொல்லைப் பார்த்தாலே பொட்டலத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன். சோயா சாஸும் அப்படித்தான், பெரும்பாலும் கோதுமை சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். வழக்கமாக வாங்கும் பொருளாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அட்டையைப் படிக்க வேண்டும். சேர்மானத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு சமையலறையைத் திருத்தினோம். எனக்கென்று தனி வெண்ணெய் டப்பா, தனி ஜாம், மூடியில் சிவப்பு ஒட்டு. தனி டோஸ்டர். மரக்கரண்டி, மரப்பலகை, மாவு சல்லடை, வடிகட்டி ஆகியவை புதிது; கீறலிலும் கண்ணியிலும் ஒட்டிய மாவு கழுவினாலும் முழுக்கப் போகாது. எவர்சில்வர், கண்ணாடிப் பாத்திரங்களைச் சோப்பு போட்டுக் கழுவினால் போதும், புதிதாக வாங்கத் தேவையில்லை. இதில் பதறிப்போய் வீண்செலவு செய்துவிடாதீர்கள். சூடு குளூட்டனை அழிக்காது, அதனால் கோதுமைப் பண்டம் பொரித்த எண்ணெயில் என்னுடையதைப் பொரிக்கக் கூடாது. ஒரு வருடம் கழித்து வீட்டில் மைதா வாங்குவதையே நிறுத்திவிட்டோம். காற்றில் பறக்கும் மாவு எங்கே போய்ப் படியும் என்று நினைத்துக்கொண்டே சமைக்க முடியவில்லை.

கடையில் விற்கும் குளூட்டன் ஃப்ரீ பொருள்களைப் பற்றியும் நேராகச் சொல்கிறேன். பாஸ்தா நன்றாக இருக்கிறது, அரிசியும் மக்காச்சோளமும் கலந்தது குழையாமல் வருகிறது, தண்ணீரை மட்டும் தாராளமாக விட வேண்டும். ரொட்டி ஏமாற்றம். குளூட்டனின் இழுவைக்குப் பதிலாக சாந்தன் கம், இசப்கோல் உமி சேர்க்கிறார்கள். வாங்கிய அன்று மென்மை, மறுநாள் உதிர்ந்துவிடும். துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது சூடாக்கினால் பரவாயில்லை. பிஸ்கட்டும் கேக்கும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்தவை, நார்ச்சத்து குறைவு. முதல் இரண்டு வருடத்தில் எனக்கு ஏழு கிலோ ஏறியது. குடல் ஆறி உணவு ஒட்டத் தொடங்கியதும், நான் ஏக்கத்தில் இந்தப் பொட்டலங்களைக் காலி செய்ததும் ஒரே சமயத்தில் நடந்தன. இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு பொட்டலம், அவ்வளவுதான். எலும்பு அடர்த்தி ஸ்கேனில் தேய்மானத்தின் தொடக்கம் தெரிந்ததால் கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுக்கிறேன். அந்த ஸ்கேனை நோய் தெரிந்த வருடமே எடுத்திருக்கலாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் மருத்துவரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

வெளியே சாப்பிடுவதுதான் இன்றுவரை கடினம். விருந்து வீடுகளில் "ஒரு வாய்தானே கண்ணு, எனக்காகச் சாப்பிடு" என்று சித்தி தட்டை நீட்டுவார். அன்புதான் அது, அதனால்தான் மறுப்பது வலிக்கும். முதலில் நோயை விளக்கப் பார்த்தேன், அறிவியல் யாருக்கும் தங்கவில்லை. பிறகு, "சித்தி, இதுல ஒரு துளி போனாலும் என் குடல்ல புண்ணாகும். எனக்கு நீங்க பழம் நறுக்கிக் குடுங்க, நீங்க குடுத்ததா அதைச் சாப்பிடறேன்" என்றேன். அடுத்த முறை போனபோது எனக்கென்று ஒரு தட்டில் பழம் நறுக்கி மூடி வைத்திருந்தார். கத்தியை முதலில் கழுவியதாகவும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உணவகத்தில் "குளூட்டன் ஃப்ரீ இருக்கா?" என்று கேட்டால் இருக்கிறது என்ற பதில்தான் வரும். நான் கேட்பது வேறு: எந்த எண்ணெய், அதே வாணலியா, குழம்பு கெட்டியாவதற்கு என்ன சேர்க்கிறீர்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுவேன். பையில் எப்போதும் கடலையும் பழமும் இருக்கும்.

ஐந்தாவது வருடம் மறுபடி எண்டோஸ்கோபி செய்தார்கள். குடலுறிஞ்சிகள் எழுந்து நிற்கும் படத்தை மருத்துவர் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பெரியவர்களுக்கு முழுவதும் ஆற இரண்டு வருடத்துக்கு மேலும் ஆகலாம் என்றார். எனக்கு அந்த வெண்ணெய் டப்பா தின்ற மாதங்களையும் சேர்த்து அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இப்போது வருடம் ஒரு முறை டிடிஜி, இரும்பு, பி12, வைட்டமின் டி பார்க்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்று எந்த வருடமும் தள்ளிப்போடுவதில்லை.

பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ பிள்ளைக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதனால் போன மாதம் என் மகனுக்கும் ரத்தம் எடுத்தோம். இல்லை என்று வந்தது, சில வருடம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வீடு திரும்பும் வழியில் கேட்டான்.

"அம்மா, அப்புறமா எனக்கும் வந்துட்டா?"

"வந்தா பார்த்துக்கலாம்டா. சிவப்பு ஒட்டு டப்பாவுல ரெண்டு பேரும் எடுத்துப்போம்."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்பாதான் தனி டப்பா வச்சுக்கணும்" என்றான்.