எஞ்சினுக்குக் காசு: சங்கமா, முதலாளியா?

திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் படகுக்கு எஞ்சின் போட நினைக்கிற மீனவர்களுக்கு எப்போதும் ஒரே குழப்பம்தான்: கடனை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுப்பதா, மீன் வாங்கும் வியாபாரியான முதலாளியிடம் எடுப்பதா?

வேகம்: முதலாளி கேட்ட அன்றே தருவார். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்துவம், சேமிப்பு, பிணையாளர், கமிட்டிக் கூட்டம் என்று இழுபடும்.

செலவு: விஷயமே இங்கேதான். முதலாளி வட்டி இல்லை என்பார், ஆனால் கடன் தீரும்வரை மீனை அவருக்கே போட வேண்டும், தராசும் அவருடையது, விலையும் அவர் சொல்வதுதான், பாரை நன்றாகப் பட்ட நாளில் கிலோவுக்குக் குறைகிற காசைக் கூட்டிப் பார்த்தால் எந்த வட்டியும் தோற்றுவிடும். சங்கத்தில் வட்டி எழுத்தில் இருக்கும். இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததே இப்படியான கடன்சுமையால்தானே.

கணக்கு: சங்கத்தில் ஆளுக்கொரு வாக்கு, கூட்டுறவுத் திணைக்களமும் கணக்கைப் பார்க்கும் (தலைவர் யாரென்று விசாரித்துவிட்டே சேருங்கள்). முதலாளியின் கொப்பியை யார் பார்ப்பது?

அவசரச் சில்லறைக்கு முதலாளி, சரி. எஞ்சின், வலைக்குச் சங்கம்தான். சேமிப்பை இப்பவே தொடங்குங்கள்.