மான்ஸ்டெராவா, ஃபிடில் லீஃப் ஃபிக்கா: ஹாலுக்கு எது?

ஆளுயரச் செடி ஒன்று ஹாலில் வேண்டுமென்றால் பெரும்பாலும் போட்டி இந்த இரண்டுக்கும்தான். விலையைக் கேட்கும் முன் வீட்டு ஜன்னலைப் பாருங்கள்.

மான்ஸ்டெரா, மெக்சிகோவின் தெற்கிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளில் மரம் பற்றி ஏறும் கொடி. நிழலுக்குப் பழகியது. ஜன்னலிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வைத்தாலும் சாகாது. ஆனால் காம்பு நீளும், இலை சிறுக்கும், அதன் அடையாளமான இலை ஓட்டைகள் விழாது. ஃபிடில் லீஃப், மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டு மரம். நம் ஆலுக்கும் அத்திக்கும் பங்காளி. கிழக்கு ஜன்னலை ஒட்டி, காலை வெயில் இரண்டு மணி நேரமாவது படும் இடம் இல்லையென்றால் இதை வாங்கவே வேண்டாம். வைத்த இடத்தை அடிக்கடி மாற்றினாலோ ஏசி காற்று நேரே அடித்தாலோ இலையை உதிர்த்துவிடும்.

தண்ணீருக்கு இரண்டுக்கும் ஒரே சோதனை: விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளையில் வழியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஒரு வாரம் மறந்தால் மான்ஸ்டெரா துவளும், தண்ணீர் கண்டதும் நிமிரும். ஃபிடில் லீஃப் அப்படி மன்னிக்காது. அதன் இலையில் வரும் பழுப்பைப் பிரித்தறியத் தெரிய வேண்டும். ஓரம் மட்டும் வெளிர் பழுப்பாகி மொறுமொறுவென்றிருந்தால் தண்ணீர் போதவில்லை. அடி இலைகளில் கரும்பழுப்புத் திட்டு பரவினால் வேர் அழுகல். உடனே தொட்டியிலிருந்து எடுத்து, கொழகொழத்த வேரை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள். தளிரில் செம்புள்ளிகள் என்றால் ஈரம் ஏறி இறங்கியிருக்கிறது. இலை முதிர முதிர மங்கிவிடும், பயமில்லை.

கலவை: மான்ஸ்டெராவுக்குக் கோகோபீட் (தென்னைநார்த் தூள்) 2 பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கும் வெண்துகள்) 1, மண்புழு உரம் 1. கோகோபீட்டில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். ஃபிடில் லீஃபுக்கு ஒரு பங்கு செம்மண் கூடுதல், தலை கனத்துத் தொட்டி சாயாமலிருக்க. மான்ஸ்டெராவுக்குத் தென்னைநார் கம்பம் நட்டு, தண்டை மட்டும் கட்டுங்கள், காம்பை அல்ல.

பெருக்குவதில் மான்ஸ்டெராவை அடிக்க முடியாது: கணுவும் விழுதும் சேர்ந்த துண்டு தண்ணீரிலேயே வேர் விடும். ஃபிடில் லீஃபுக்கு விண்பதியம்தான் (கிளை செடியில் இருக்கும்போதே வேர் விடவைத்து, பிறகு வெட்டி நடுவது) நம்பகமான வழி. வெட்டினால் வடியும் பால் தோலில் அரிக்கும், கையுறை போடுங்கள். கணு இல்லாத ஒற்றை இலை வேர் விட்டாலும் துளிர் விடாது. இரண்டிலும் அப்படி விற்பதை வாங்காதீர்கள்.