ஓய்வுக்கு மலேசியாவா, ராயபுரமா?: பெரம்பூர் விசா ஆலோசனை நிலைய அனுபவம்

துறைமுகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மகள் வசிக்கும் மலேசியாவின் பினாங்கில் குடியேறலாமா, ராயபுரத்திலேயே இருந்துவிடலாமா என்ற கேள்வியுடன், பெரம்பூரிலுள்ள ஒரு விசா ஆலோசனை நிலையத்துக்கு நானும் மனைவியும் இருமுறை சென்றோம். வரவேற்பில் குறையில்லை. மலேசியாவுக்கு மாற்றாகத் தாய்லாந்து என்றால், அதன் ஓய்வுக்கால விசாவுக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும், வங்கியில் 8 லட்சம் பாட் இருப்போ மாதம் 65,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும் என்பதையும் தெளிவாகவே விளக்கினார்கள்.

மலேசியாவில்தான் சறுக்கினார்கள். வெளிநாட்டவர் நீண்டகாலம் தங்க அந்நாடு வழங்கும் 'இரண்டாவது இல்லம்' திட்டத்தின் வெள்ளிப் பிரிவுக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும் என்று சொன்னவர்கள், அதற்குமேல் குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்கியாக வேண்டும் என்பதை நானாகக் கேட்கும்வரை சொல்லவேயில்லை. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியும் என்ற ரிசர்வ் வங்கியின் வரம்பும் பேச்சில் வரவில்லை. விண்ணப்பத்தை மலேசிய அரசின் உரிமம் பெற்ற முகவர் வழியாகவே அளிக்க வேண்டும். அந்த முகவர் யார் என்று கேட்டதற்குக் காபிதான் வந்தது, நல்ல காபி.

மருத்துவச் செலவைப் பற்றி மனைவி கேட்டபோதும் மழுப்பலே கிடைத்தது. ஸ்டான்லி மருத்துவமனைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் வாழ்பவர்களுக்கு அது சிறிய கேள்வியன்று. தாய்லாந்து செல்ல விரும்புவோர் இவர்களை அணுகலாம். மலேசியாவுக்கென்றால் கட்டணம் செலுத்துமுன் முகவரின் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள்.