எஸ்எஸ்எச் நுழைவு: கடவுச்சொல்லா, சாவியா?

வலையமைப்பில் ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடிய ஒரு தாக்குதலுக்குப் பிறகுதான், 1995-இல் பின்லாந்தின் டாட்டு யுலோனென், தொலைவிலுள்ள கணினிக்குள் மறையாக்கத்துடன் நுழைய உதவும் எஸ்எஸ்எச்-ஐ (SSH) உருவாக்கினார். ஆயினும் பல சர்வர்களில் இன்றும் கடவுச்சொல்லைக் கொண்டே நுழைகிறார்கள். அதன் வசதி மறுக்க முடியாதது: எந்தக் கணினியிலிருந்தும், எந்தக் கோப்பும் இல்லாமல் நுழையலாம். ஆனால் எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் 22-ஆம் போர்ட்டை இணையத்திற்குத் திறந்துவைத்த சர்வரின் நிகழ்வுப் பதிவான லாகைப் பார்த்தால், ரூட், அட்மின் என்று பெயர்களை மாற்றி மாற்றி ஓயாமல் முயலும் தானியங்கி நிரல்களின் தடயங்களே வரிவரியாக நிற்கும். மேலும், வழியில் மறையாக்கப்பட்டுச் சென்றாலும் கடவுச்சொல் சர்வரை அப்படியே அடைகிறது என்பதால், அந்தச் சர்வர் ஏற்கெனவே பிறர் கைக்குப் போயிருந்தால் அதுவும் கூடவே போய்விடும்.

சாவி முறையில் ஒன்றோடொன்று இணைந்த இரு சாவிகள் உண்டு: தனிச்சாவி, பொதுச்சாவி. தனிச்சாவி நம் கணினியை விட்டு நகர்வதில்லை. பொதுச்சாவியை மட்டுமே வைத்திருக்கும் சர்வர், அந்த இணைப்புக்கெனத் தனிச்சாவியால் இடப்பட்ட கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. தனிச்சாவிக் கோப்புக்கு, அதைத் திறக்கத் தேவையான கடவுத்தொடர் இடாமல் விட்டால், மடிக்கணினி தொலையும் நாளில் சர்வரும் தொலைந்ததாகவே கொள்ள வேண்டும்.

என் தேர்வு சாவியே. புதிதாக உருவாக்குவதென்றால் இடி25519 (Ed25519) என்னும் சாவி வகை போதும். ஆனால் சாவியைச் சேர்த்துவிட்டுக் கடவுச்சொல் நுழைவைத் திறந்தே விடுவது வீண்வேலை. சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்புகளில் 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன்' (PasswordAuthentication) என்பதை மட்டும் 'நோ' என்று மாற்றினால் போதாது. கேள்வி-பதிலாகக் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடிய விசைப்பலகைவழி உரையாடல் நுழைவையும் அணைக்க வேண்டும். மாற்றியபின், பழைய இணைப்பை மூடாமல், இன்னொரு சாளரத்தில் நுழைந்து பாருங்கள்.