‘டர்போவுக்கு ரெடி’ என்று கட்டிக் கொடுத்த மலிவு இன்ஜின்: கழற்றியபோது உள்ளே இருந்தவை

ஹோண்டா டி16 பிளாக்கில் சுசுகி விட்டாராவின் பிஸ்டனைப் போட்டு டர்போ ஏற்றுவது பழைய, நிரூபணமான வழி. டி16-க்கும் விட்டாராவின் 16 வால்வு 1.6 லிட்டர் ஜி16பி-க்கும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 75 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ.; பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் கட்ஜன் பின் 19 மி.மீ. விட்டாரா பிஸ்டனின் தலை குழிவானது. அதனால் டி16-இன் ஒரு வகையான டி16இசட்6-இன் 9.2 கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற விகிதம்) எட்டரை அளவுக்கு இறங்கும். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் வாங்கும் செலவு இல்லாமல் மிதமான பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) தாங்கும் இன்ஜின் கிடைக்கும். வழியில் குறை ஏதும் இல்லை. ஆனால் “அளவு ஒன்றுதான், அப்படியே உட்கார்ந்துவிடும்” என்ற பேச்சுக்குப் பின்னால் எதையுமே அளக்காமல் இன்ஜினை மூடிவிடும் பட்டறைகள் இருக்கின்றன. அப்படி ஒரு பட்டறை முழுத் தொகையும் வாங்கிக்கொண்டு கொடுத்த இன்ஜினில் என்ன இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறோம். அடுத்தவர் ஏமாறாமல் இருக்க, எந்த அளவை எங்கே எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பில்லில் இருந்தவை: நான்கு புதிய விட்டாரா பிஸ்டன், ஸ்டாண்டர்டு அளவு, புதிய ரிங் செட், ஹெச்-பீம் கனெக்டிங் ராடு நான்கு, சிலிண்டர் போரிங் (உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்குவது), ஹோனிங் (கல்லால் தேய்த்துச் சீராக்குவது), கிராங்க் பேலன்ஸிங், ‘லோ கம்ப்ரஷன்’ கேஸ்கெட், டர்போவுக்கான எரிபொருள் செட்டிங். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் 0.5 பார். ஓட்டத் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே பிரீதர் (இன்ஜினின் அடிப்பகுதிக் காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் அடித்தது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்திக் கசிவு பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட்டில் மூன்றாவது சிலிண்டரின் காற்று ஆயில் ஊற்றும் வாய் வழியாகச் சீறியது. வால்வு பக்கம் சத்தமே இல்லை. அப்படியானால் கோளாறு ரிங்கில், அல்லது பிஸ்டனில். ஹெட்டைத் தூக்கி, சம்ப்பைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்தோம். மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையில் உள்ள ரிங் லேண்ட் துண்டாக உடைந்திருந்தது.

“பூஸ்ட்டை ஏற்றி ஓட்டியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது” என்பது பட்டறையின் பதில். லாக் பதிவில் பூஸ்ட் அரை பாரைத் தாண்டவே இல்லை. உடைந்த காரணம் இன்ஜினுக்குள்ளேயே இருந்தது. அதுவும் ஒன்றல்ல.

முதலில் போரிங். சிலிண்டரின் மேல் விளிம்பில், ரிங் போகாத இடத்துக்குக் கீழே, நகத்தில் தட்டுப்படும் பழைய தேய்மானப் படி அப்படியே இருந்தது. போரிங் செய்திருந்தால் அந்தப் படி மறைந்திருக்கும். ஸ்டாண்டர்டு பிஸ்டனையே பில்லில் எழுதிவிட்டு போரிங்குக்கும் பணம் வாங்கியதே முரண்: போரிங் செய்தால் ஓவர்சைஸ் பிஸ்டன்தான் போட முடியும். நடந்தது இவ்வளவுதான்: கை டிரில்லில் மூன்று கல் ஹோனை மாட்டி மேலும் கீழும் இழுத்திருக்கிறார்கள். பார்க்கக் குறுக்குக் கோடு பளிச்சென்று தெரியும். போர் கேஜ் வைத்தால் மேலே 75.07, கீழே 75.02. நூறில் ஐந்து பங்கு மி.மீ. டேப்பர்.

இந்த டேப்பர்தான் ரிங் கேப்பை (ரிங்கின் இரு நுனிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை) பொய்யாக்கியது. போரின் விட்டம் 0.05 மி.மீ. மாறினால் சுற்றளவு அதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல், அதாவது கிட்டத்தட்ட 0.16 மி.மீ. மாறும். மேல் ரிங்கைச் சிலிண்டரின் மேற்பகுதியில் வைத்து அளந்தால் கேப் 0.36 மி.மீ. வந்தது, டர்போவுக்குச் சரியான அளவு என்றே யாரும் சொல்வார்கள். அதே ரிங்கைத் தலைகீழான பிஸ்டனால் நேராகத் தள்ளி, தேயாத அடிப்பகுதியில் வைத்து ஃபீலர் கேஜ் விட்டால் 0.20. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது போதும். பூஸ்ட்டில் ரிங் கூடுதலாகச் சூடேறி நீளும், 0.20-ல் நுனிகள் ஒன்றோடொன்று முட்டும். முட்டியபின் ரிங்குக்கு நீள இடமில்லை, சுவரை அழுத்திப் பிடிக்கும், பிஸ்டன் அதை இழுக்கும், லேண்ட் உடையும். உடைந்த சிலிண்டரின் ரிங் நுனிகள் இரண்டும் கண்ணாடிபோல் மின்னின. முட்டியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தெருவில் ஓடும் டர்போ இன்ஜினுக்கு மேல் ரிங் கேப், போர் விட்டத்தை 0.0045 முதல் 0.005 வரையிலான எண்ணால் பெருக்கி வரும் அளவு. 75 மி.மீ. போருக்கு 0.34 முதல் 0.38 வரை. இரண்டாவது ரிங்குக்கு அதைவிட 0.05 கூட்டி வையுங்கள். இரண்டு ரிங்குக்கும் நடுவில் வாயு சிக்கினால் மேல் ரிங் தூக்கும். அளப்பது எப்போதும் அடிப்பகுதியில். நான்கு சிலிண்டருக்கும் எட்டு எண்களை எழுதித் தராத பட்டறை ரிங்கை அரம் வைத்துத் தேய்க்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

‘புதிய’ பிஸ்டன்களுக்கு வருவோம். தலை ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறம். கண்ணாடி மணி அடித்துக் கார்பனை எடுத்ததன் அடையாளம். ரிங் பள்ளத்தின் மூலையிலும் ஆயில் திரும்பும் துளைகளிலும் அந்த மணிகள் இன்னும் ஒட்டியிருந்தன. அவை கழன்று ஆயிலோடு சுற்றினால் பேரிங் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே ராடு பேரிங் முழுக்க நுண்கீறல். மேல் ரிங்குக்கும் பள்ளத்துக்கும் இடையே ஃபீலர் விட்டால் 0.12 மி.மீ. இடைவெளி. புதிய பிஸ்டனில் இது 0.03 முதல் 0.06 வரைதான் இருக்க வேண்டும். ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரில்) இருக்க வேண்டிய மெல்லிய கடைசல் வரிகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. பெட்டி, ரிங் உறை, பிஸ்டன் தலையில் உள்ள அளவு முத்திரை, இந்த மூன்றையும் இன்ஜின் மூடுவதற்கு முன் கேட்டுப் பாருங்கள்.

ஹெச்-பீம் ராடு இல்லவே இல்லை. உள்ளே இருந்தவை ஹோண்டாவின் பழைய ராடுகள். சம்ப்பைக் கழற்றினால் ராடின் உடலைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம், இதற்கு இன்ஜினைப் பிரிக்கக்கூட வேண்டாம்.

ராடு மாறினால் பின் பொருத்தும் முறையும் மாறும் என்பதை இங்கே விளக்க வேண்டும், ஏனென்றால் வேறு கம்பெனி பிஸ்டனில் அதிகம் சறுக்குகிற இடம் இது. டி16இசட்6-இன் ஸ்டாக் (கம்பெனியிலேயே வரும்) ராடில் புஷ் (பின் சுழல வைக்கும் உள் உறை) கிடையாது. பின், ராடின் சின்ன முனையில் இறுக்கமாகப் பிடித்து நிற்கும், பிஸ்டனில் மட்டும் அசையும். புஷ் உள்ள ஹெச்-பீம் ராடில் பின் இரண்டு பக்கமும் அசையும், ஆகவே பின் நழுவாமல் தடுக்கும் வளையமான சர்கிளிப்புக்குப் பிஸ்டனில் பள்ளம் கட்டாயம் வேண்டும். பள்ளம் இல்லாத பிஸ்டனையும் புஷ் உள்ள ராடையும் சேர்த்தால் பின் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கிழித்துவிடும். இறுக்கப் பொருத்தமானால் சின்ன முனையைச் சூடாக்கிப் பின்னைக் கையால் நழுவவிட வேண்டும், அல்லது பிஸ்டனின் பாஸ் பகுதியை (பின் துளையைச் சுற்றிய தடித்த பகுதியை) சரியான ஜிக்கில் தாங்கிக்கொண்டு பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். இந்த இன்ஜினில் தாங்கல் இல்லாமல் குளிர்ந்த நிலையிலேயே ஏற்றியிருக்கிறார்கள். பாஸ் துளையில் நீளக் கீறல். இரண்டு பிஸ்டன்கள் தம் எடையில் ஆடவே மறுத்தன. ராடைப் பிடித்துத் தூக்கினால் பிஸ்டன் தானாகச் சாய வேண்டும். அரை நிமிட வேலை, அதையும் பார்க்கவில்லை.

பிஸ்டனின் திசையும் தவறு. இரண்டு ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம் திரும்பியிருந்தன. தவறாக நின்ற இரண்டின் தலையிலும் வால்வு உரசிய பிறை வடிவத் தடம். வேறு கம்பெனி பிஸ்டனில் அம்புக்குறியை மட்டும் நம்பக் கூடாது. டி16 புல்லி பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். சுசுகி இன்ஜின் வலஞ்சுழி. பின் மையத்திலிருந்து விலகியிருந்தால் எந்தப் பக்கம் உந்துவிசை விழுகிறது என்பது சுற்றும் திசையைப் பொறுத்தது. வால்வுப் பள்ளங்கள் எந்த வால்வுக்கு நேராக வருகின்றன என்பதை முதலில் பாருங்கள். பிறகு பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, டைமிங் பெல்ட் மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, களிமண்ணை வெட்டி அளந்து பாருங்கள். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. குறையாமல் இருக்க வேண்டும்.

‘லோ கம்ப்ரஷன்’ கேஸ்கெட் என்று தனியாகப் பணம் வாங்கிய பொருள், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு சாதாரண கேஸ்கெட். இதன் கேடு கணக்கில்தான் முழுதாகத் தெரியும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 397.6 சிசி. ப்யூரெட்டால் அளந்தபோது ஹெட் அறை 34 சிசி, பிஸ்டன் குழி 12 சிசி. டயல் கேஜில் பிஸ்டன் பிளாக் முகத்துக்கு 0.6 மி.மீ. கீழே நின்றது, அது 2.65 சிசி. 0.7 மி.மீ. கேஸ்கெட் ஒன்று கிட்டத்தட்ட 3.2 சிசி. ஒற்றைக் கேஸ்கெட்டில் மொத்தம் 51.8 சிசி, கம்ப்ரஷன் சுமார் 8.7. இரட்டையில் 55 சிசி, கம்ப்ரஷன் 8.2. அரைப் புள்ளி இறங்கியதற்குக் கொடுத்த விலை: பிஸ்டனின் தட்டையான ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி 1.3-லிருந்து 2 மி.மீ. ஆகிவிட்டது. 1 மி.மீ. அளவில் இருந்தால்தான் அந்த ஓரத்துக் கலவை நடுவுக்குப் பீய்ச்சப்பட்டு வேகமாக எரியும். 2 மி.மீ.யில் அது ஓரத்தில் தேங்கி, கடைசியில் தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். கம்ப்ரஷனைக் குறைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் நாக்கிங்குக்கு வாசலைத் திறந்துவிட்டார்கள். செய்ய வேண்டியிருந்தது இதற்கு நேரெதிர்: ஒற்றை எஃகு கேஸ்கெட், தேவையானால் பிளாக் முகத்தை 0.3 மி.மீ. சீவுவது. அப்போது இடைவெளி 1 மி.மீ., கம்ப்ரஷன் சுமார் 8.9. நல்ல டியூனிங்கில் அரை பாருக்கு அது பாதுகாப்பான எண். முகத்தைச் சீவினால் வால்வு இடைவெளியும் அதே 0.3 குறையும், களிமண் சோதனை அதற்குப் பின் நடக்க வேண்டும்.

கிராங்க் பேலன்ஸிங்குக்கு ‘பிஸ்டன் எடைக்கு ஏற்ப பாப்-வெயிட் போட்டது’ என்று பில்லில் எழுதியிருந்தது. பிஸ்டன், ராடு எடைக்குப் பதிலாகக் கிராங்க்கில் மாட்டிப் பார்க்கும் பாப்-வெயிட், வி வடிவ இன்ஜின்களுக்கான வேலை. நேர்வரிசை நாலு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கும். நான்கும் தமக்குள் ஒரே எடையாக இருந்தால் போதும். அந்த எடையைத்தான் பார்க்கவில்லை: கனத்ததற்கும் லேசானதற்கும் 7 கிராம் வித்தியாசம். 1, 2 கிராமுக்குள் கொண்டுவர ஒரு சமையல் தராசும் பொறுமையும் போதும்.

கடைசி அடி எரிபொருளில். ஸ்டாக் ஈசியு (இன்ஜினின் கணினி) பூஸ்ட்டைப் பார்த்தால் எஞ்சின் லைட் எரியும், எரிபொருளை வெட்டும். அதைத் தவிர்க்க, இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் குழாயில் ஒருவழி வால்வு வைத்து பூஸ்ட்டை மறைத்திருந்தார்கள். ஆகவே ஈசியு, டர்போவே இல்லை என்ற நினைப்பில் எரிபொருளும் இக்னிஷனும் கொடுத்தது. குறையை ஈடுகட்ட அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர் ஒன்று. இன்ஜெக்டர் வழியாகப் போகும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அரை பாரில் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எரிபொருளும் ஒன்றரை மடங்கு வேண்டுமென்றால் அழுத்தம் 2.25 மடங்கு, அதாவது 3 பார் 6.75 ஆக வேண்டும். ஸ்டாக் பம்ப் அங்கே மூச்சு வாங்கும். இக்னிஷனையோ யாரும் பின்தள்ளவே இல்லை. 240 சிசி ஸ்டாக் இன்ஜெக்டர் நான்கும் 85 சதவீதத்தில் ஓடினால் டர்போ இன்ஜினில் 130 குதிரைத்திறன் அளவுக்குத்தான் போதும். 200 வேண்டுமென்றால் கணக்கில் சுமார் 370 சிசி வரும். 440 போடுவது விவேகம். கூடவே பூஸ்ட்டைப் படிக்கும் மேப் சென்சார், திரும்ப எழுதக்கூடிய ஈசியு, காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார். பூஸ்ட்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5 முதல் 12-க்குள். பிளக் ஒரு படி குளிர்ந்தது, கேப் 1.1-லிருந்து 0.7 மி.மீ.

பணம் கொடுக்குமுன் எழுத்தில் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு சிலிண்டரின் போர், மூன்று உயரத்தில், இரண்டு திசையில், பிஸ்டன் ஸ்கர்ட் அளவு, எடை, ரிங் கேப் எட்டும், பிஸ்டன் நிற்கும் ஆழம், அறைக் கொள்ளளவு, ராடு பேரிங் இடைவெளி, 45 மி.மீ. ஜர்னலுக்கு 0.045 சுற்றுவட்டாரம். காஸ்ட் (வார்ப்பு) பிஸ்டனுக்குச் சுவர் இடைவெளி 0.04 முதல் 0.05. ஃபோர்ஜ்டுக்குச் சொல்லும் 0.08-ஐ இதற்குப் போட்டால் பிஸ்டன் ஆடி ஸ்கர்ட் வெடிக்கும். மாற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் திரும்ப வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு இன்ஜின் கையில் இருந்து, பிரீதரில் ஆயில் அடிக்கத் தொடங்கியிருந்தால் உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். உடைந்த லேண்ட் துண்டு டர்பைன் சக்கரத்தையும் சேர்த்து முடித்துவிடும். அதே பட்டறையில் பிரிக்கக் கொடுக்காதீர்கள். வேறு இடத்தில் பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்திலும் சிலிண்டர் எண்ணை எழுதி, கழுவாமல் படமெடுங்கள். ரிங் பள்ளத்தில் சிக்கிய மணி ஒருமுறை பெட்ரோலில் கழுவித் துடைத்தால் போய்விடும், அதுவும் ரிங் நுனியின் மினுக்கும்தான் பட்டறையிடம் பணம் திரும்பக் கேட்கும்போது உங்கள் ஆதாரம்.