படகுக்கு எந்த ஷூட்டிங் லைன்?

இங்கிலாந்தின் ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்தில் படகு எடுத்து, ஃப்ளை (செயற்கைப் பூச்சித் தூண்டில்) வீசி டிரவுட் மீன் பிடிக்கிற யாரிடம் கேட்டாலும், ஷூட்டிங் லைன் (கனமான ஹெட்டுக்குப் பின்னால் கட்டும் மெல்லிய லைன்) என்றதும் எத்தனை கஜம் பறந்தது என்ற கதைதான் வரும். எனக்கு அது இரண்டாம்பட்சம். 9, 10 மீட்டர் ஹெட்டை, அதாவது லைனின் கனமான முன்பகுதியை, சரியாக வீசினால், பின்னால் எதைக் கட்டியிருந்தாலும் போதுமான தூரம் போகும். இழுத்த லைன் காலடியில் கிடக்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.

முதலில் சன்செட் அம்னீஷியா, 20 பவுண்டு. வழுவழுப்பான தங்கூசிதான், விலையும் குறைவு. ரீலில் இருந்து வரும்போது எல்லா நைலானையும் போலச் சுருண்டுதான் வரும். ஒவ்வொரு பாகமாக உருவி, இரண்டு கைக்கும் நடுவே விறைப்பாக இழுத்து ஒரு நொடி பிடித்தால் போதும், நேராகிவிடும். நங்கூரம் போட்டு, மூழ்கும் ஹெட்டை ஆழத்தில் இறக்க இதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் டிரோக் (படகின் வேகத்தைக் குறைக்கத் தண்ணீரில் இழுபடும் துணிக் குடை) போட்டுக் காற்றோடு மிதந்து போகும்போது கதை வேறு. படகு ஃப்ளையை நோக்கியே நகர்வதால் கை ஓயாமல் லைனைச் சுருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரல் குளிரில் விரல் மரத்துப்போயிருக்கும். நனைந்த மெல்லிய நைலான் பிடியில் நிற்காது. காற்று வேறு அதைத் தூக்கித் துடுப்புக் கொண்டியில் மாட்டிவிடும். தண்ணீரில் விழுந்தாலோ மெல்ல மூழ்கிப் படகுக்கு அடியில் போய்விடும்.

அங்கேதான் ஏர்ஃப்ளோ ரிட்ஜ் ரன்னிங் லைன் (ஷூட்டிங் லைனுக்கே இன்னொரு பெயர்) எனக்குப் பிடித்துப்போனது. பாலியூரித்தேன் பூச்சு, நீளவாக்கில் ஓடும் மெல்லிய வரிகள். தடிப்பு சற்று அதிகம் என்பதால் சில கஜம் தூரம் குறையும், விலையும் கூடுதல். குறையட்டுமே, கையில் எட்டு வடிவில் சுருட்டும்போது விரலுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறதே! மிதக்கிற லைன் என்பதால் தண்ணீரில் விழுந்தாலும் கண்ணெதிரே கிடக்கும்.

எந்த லைனானாலும் ஹெட்டோடு சேரும் முடிச்சு கம்பின் நுனி வளையத்தைத் தாண்டி ஒரு மீட்டராவது வெளியே இருக்கட்டும். முடிச்சு வளையத்துக்குள் இருக்கும்போதே வீசினால் டக்கென்று தட்டும், வீச்சும் பாழ்.

மிதந்து போகிறவர்கள் பூச்சுள்ளதை வாங்குங்கள். நங்கூர நாளுக்கு உதிரி ஸ்பூலில் அம்னீஷியா இருக்கட்டும். பின்னல் நைலானும் ஒன்று கிடைக்கிறது, நன்றாகவே பறக்கும். அதை வாங்கினால் அப்படியே மருந்துக் கடைக்கும் போய் விரலுக்குப் பிளாஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.